கிணற்று நீருக்கு வயது என்ன?

புதிதாகப் போர்க்கிணறு இறக்கிய ஒருவரைப் பாகூரிலோ வில்லியனூரிலோ வழியில் பார்த்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "என்னண்ணே, எத்தனை அடியில தண்ணி?" என்பது. இரண்டாவது கேள்வி, "நல்ல தண்ணியா, உப்பா?" என்பது. இரண்டுக்கும் விடை தெரிந்ததும் பேச்சு மோட்டாரின் குதிரைத்திறனுக்குப் போய்விடும். "அந்தத் தண்ணீருக்கு என்ன வயது?" என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். தண்ணீருக்கு வயதா?

உண்டு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, வெளிக்காற்றோடு தொடர்பு அறுந்துபோன நாள் முதல் இன்று வரை சென்ற காலமே நிலத்தடி நீரின் வயது. அது மூன்று மாதமாகவும் இருக்கலாம். முப்பதாயிரம் ஆண்டாகவும் இருக்கலாம். குழாயிலிருந்து கொட்டும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இறைப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. இளம் நீர் மாதச் சம்பளம் போன்றது. அடுத்த ஐப்பசி மழை அதைத் திரும்ப நிரப்பும். முதிய நீர் பாட்டன் தேடிவைத்த சொத்து. எடுத்தது எடுத்ததுதான்.

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறும் ஊசுடு ஏரியும் இருக்கின்றன. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த இந்த ஊர்களில் இன்று பெரும் பகுதி வேலையை மின்மோட்டார்களே செய்கின்றன. ஒரு காலத்தில் இந்தப் பகுதியின் ஆழ்கிணறுகள் சிலவற்றில் மோட்டாரே வேண்டியிருக்கவில்லை. துளையிட்டவுடன் தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே மேலே பொங்கி வந்தது. ஆர்ட்டீசியன் கிணறு என்பது இதன் பெயர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டபிள்யூ. கிங் என்பவர் 1880-ல் புதுச்சேரியின் ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். பிரெஞ்சுக்காரர் ஊரில் பொங்கும் தண்ணீர் சென்னையிலும் கிடைக்குமா என்பது அவருக்கு இருந்த கவலை!

பொங்கிய அந்த நீர் எப்போது பெய்த மழை? இதற்கு விடை சொல்லும் கடிகாரம் அணுவின் கருவுக்குள் இருக்கிறது.

உப்பு மானியும் அதன் எல்லையும்

அணுவுக்குப் போகுமுன் எளிய கருவி ஒன்றைப் பார்த்துவிடுவோம். நீரில் உப்பு கரைந்தால் மின்னோட்டம் எளிதில் பாயும். இரண்டு மின்முனைகளை நீரில் நனைத்து, மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்று அளப்பதே மின்கடத்துதிறன் மானி. இதன் அலகு மைக்ரோ சீமென்ஸ். மழைநீரில் சில பத்துகளே காட்டும் முள், கடல்நீரில் 50,000-ஐ எட்டும். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில்கூட இக்கருவி கிடைக்கிறது. பள்ளி மாணவனும் ஒரு நாளில் ஊர்க் கிணறுகளையெல்லாம் அளந்துவிடலாம்.

கடலோர ஊர்களில் இந்த எண் ஏறுவது ஏன் அச்சம் தருகிறது? ஆயிரம் லிட்டர் நன்னீர் 1,000 கிலோ. அதே அளவு கடல்நீர் சுமார் 1,025 கிலோ. மணலுக்குள் கனமான கடல்நீர் கீழே தங்க, இலேசான நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. நீர் அதிகம் அசையாமல் நிற்கும் மணற்படுகையில், கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். 1,000-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்கள், இந்த 40 வரும். கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் தனித்தனியே கண்ட விதி இது. இதை மறுபக்கமாகப் படித்தால்தான் உறைக்கும்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் தாழ்த்தினால், கீழேயிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறி வரும்.

ஆனால், உப்பு இருக்கிறது என்று மட்டுமே இந்த மானி சொல்லும். அது நேற்று நாம் இறைத்ததால் உள்ளே புகுந்த கடலா, அல்லது கடல் இன்னும் உட்புறமாக நின்ற பழங்காலத்தில் களிமண்ணுக்கிடையே சிக்கிக்கொண்ட உப்பா என்று சொல்லாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நேற்றுப் புகுந்தது என்றால் இறைப்பைக் குறைத்து ஏரிகளை நிரப்பினால் பின்வாங்கச் செய்யலாம். பழைய உப்பு என்றால், எத்தனை பேர் மோட்டாரை நிறுத்தினாலும் பயன் சிறிது. அந்த அடுக்கைத் தொடாமல் விடுவதே வழி. ஆகவே வயது தெரிந்தாக வேண்டும்.

கருவுக்குள் ஒரு கடிகாரம்

அணுவின் நடுவே உள்ள கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருப்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தனிமம் எது என்பதைத் தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கை. ஆறு புரோட்டான் இருந்தால் அது கார்பன். வேறாக இருக்க முடியாது. ஆனால் நியூட்ரான் எண்ணிக்கை மாறலாம். ஆறு நியூட்ரான் உடையது கார்பன்-12, ஏழு உடையது கார்பன்-13, எட்டு உடையது கார்பன்-14. இவற்றை ஐசோடோப்புகள் என்கிறோம். வேதியியல் நடத்தையில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. முதல் இரண்டும் என்றும் அழியாதவை. மூன்றாவதற்கு மட்டும் நிலைகொள்ளாமை. அதன் நியூட்ரான்களில் ஒன்று புரோட்டானாக மாறி, ஓர் எலெக்ட்ரானை விரைந்து வெளியே எறிகிறது. இந்த எலெக்ட்ரானே பீட்டாத் துகள். ஏழு புரோட்டான் ஆகிவிட்டதால் கார்பன் நைட்ரஜன் ஆகிவிடுகிறது.

அழிந்துகொண்டே இருக்கும் பொருள் உலகில் எப்படி இன்னும் இருக்கிறது? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல்காற்றில் மோதி நியூட்ரான்களைச் சிதறடிக்கின்றன. அவை நைட்ரஜன் அணுக்களைத் தாக்கி, புதிது புதிதாகக் கார்பன்-14-ஐ ஆக்கிக்கொண்டிருக்கின்றன. வரவும் செலவும் சமமாகி, காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிக்கு ஒன்று கார்பன்-14 ஆக நிற்கிறது. பயிர் அதைச் சுவாசிக்கிறது. பயிரின் வேர் மண்ணுக்குள் கார்பன் டை ஆக்ஸைடை விடுகிறது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நிலத்தடிக்குச் சென்றபின் புதிய வரவு இல்லை. செலவு மட்டும் தொடர்கிறது. கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

கார்த்திகைக்கு நெல் பொரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டியிலுள்ள நெல்லில் அடுத்துப் பொரியப்போவது எது என்று எந்தப் பாட்டியாலும் சொல்ல முடியாது. ஆனால் இன்னும் எத்தனை நாழிகையில் பாதி பொரிந்துவிடும் என்று சொல்லிவிடுவார். அணுக்களும் அப்படியே. இந்த உவமை ஓரிடத்தில் நொண்டும். சட்டியில் நேரம் ஆக ஆக நெல் சூடேறுகிறது. கார்பன்-14 அணுவோ மூப்படைவதில்லை. பதினாயிரம் ஆண்டு காத்திருந்த அணுவும் இன்று காலை பிறந்த அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கு ஒரே அளவு வாய்ப்பையே பெற்றுள்ளன. இதனால்தான் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் பாதியாவதற்கு ஆகும் காலம் மாறாமல் இருக்கிறது. அதையே அரை ஆயுள் என்கிறோம். கார்பன்-14-ன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். வெப்பமோ, அழுத்தமோ, உப்போ இதை மாற்றுவதில்லை.

ஓர் அளவு பிடிபட வேண்டுமானால் பாகூரிலேயே ஒரு தேதி இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை மானியமாக அளித்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. செப்பேட்டின் செம்பை இக்கடிகாரத்தால் அளக்க முடியாது. செம்பில் கார்பன் ஏது? ஆனால் அந்த ஆண்டில் வெட்டிய ஒரு மரத்துண்டு கிடைத்தால், அதிலிருந்த கார்பன்-14-ல் இன்று 100-க்கு 87 பங்கு மீதி இருக்கும். அத்தனை அரசுகள் வந்துபோன காலத்தில் குறைந்தது 13 பங்குதான்!

துளியை எண்ணும் கருவிகள்

சரி, இதை எப்படி அளப்பது? கதிரியக்கம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டிக், டிக் என்று ஒலிக்கும் கைகர் எண்ணி. ரூதர்போர்டும் ஹான்ஸ் கைகரும் 1908-ல் இதன் முதல் வடிவத்தைச் செய்தனர். அதற்கு முன்னரும் பின்னரும் சிலகாலம் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் துகள் விழும்போது தோன்றும் மினுக்குகளைக் கண்ணால் எண்ணுவதே வேலையாக இருந்தது. கண் இருட்டுக்குப் பழகுவதற்கே அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். 1928-ல் கைகரும் வால்தர் முல்லரும் சேர்ந்து செம்மைப்படுத்திய குழாயே இன்றும் வழங்குகிறது.

அதன் அமைப்பு எளிது. ஓர் உலோகக் குழாய், உள்ளே ஆர்கான் போன்ற வாயு, நடுவே மெல்லிய கம்பி. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே சில நூறு வோல்ட் மின்னழுத்தம். ஒரு பீட்டாத் துகள் உள்ளே நுழைந்து ஒரு வாயு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தால் போதும். அந்த எலெக்ட்ரான் கம்பியை நோக்கி விரைகையில் இன்னும் பலவற்றைப் பிரிக்கும். அவை மேலும் பலவற்றை. முடிவில் ஒரு மின்துடிப்பு, ஒரு 'டிக்'.

இதைக் கொண்டுபோய்ப் பாகூர்க் கிணற்றடியில் வைத்தால் நீரின் வயது தெரியுமா? தெரியாது. அங்கும் டிக், டிக் என்று ஒலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஒலி காஸ்மிக் கதிர்களாலும், செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள பொட்டாசியம், தோரியம், யுரேனியத்தாலும் வருவது. நம் உடம்பிலேயே பொட்டாசியம்-40, கார்பன்-14 ஆகியவற்றால் ஒவ்வொரு நொடியும் சுமார் 7,000 அணுக்கள் சிதைகின்றன. நீரிலுள்ள சிதைவு இந்தச் சந்தை இரைச்சலில் ஒரு முணுமுணுப்பு.

எவ்வளவு மெல்லிய முணுமுணுப்பு என்று கணக்கிடுவோம். நம் பக்கத்து ஆழ்நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட் இருப்பதாகக் கொள்வோம். அதில் கார்பன் மட்டும் சுமார் 59 மில்லிகிராம். ஐம்பது லிட்டர் கேன் ஒன்றில் ஏறத்தாழ 3 கிராம். இன்றைய கார்பன் ஒரு கிராமில் சுமார் 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் உண்டு. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் அவற்றில் ஒரு நிமிடத்தில் சிதைபவை 14-க்கும் சற்றுக் குறைவு. ஆகவே இன்று பெய்த மழையாக இருந்தால் கேன் முழுவதுக்கும் நிமிடத்துக்கு 40 சிதைவு. 20 என்றால் வயது 5,730 ஆண்டு. 10 என்றால் 11,460. ஐந்து என்றால் 17,190. இப்படியே போனால் நாற்பது, ஐம்பதாயிரம் ஆண்டுக்குமேல் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதை எண்ணப் பழைய மினுக்கு முறையே புதிய உருவில் திரும்பி வந்தது. நீரிலிருந்து எடுத்த கார்பனை ஆய்வுக்கூடத்தில் கார்பைடாக்கி, அசெட்டிலீனாக்கி, முடிவில் பென்சீன் என்னும் திரவமாக்குகிறார்கள். மினுக்கும் இயல்புடைய ஒரு பொருளை அதில் கரைக்கிறார்கள். கார்பன்-14 சிதையும்போதெல்லாம் திரவத்துக்குள்ளேயே ஒரு நுண்ணிய ஒளி தோன்றும். ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த ஒளியை எலெக்ட்ரானாக்கி, ஒன்றைப் பத்து லட்சமாகப் பெருக்கி, துடிப்பாக வெளியே தருகிறது. மனிதக் கண்ணின் இடத்தில் குழாய்; அவ்வளவே வேறுபாடு. இதற்குத் திரவ மினுக்கொளி எண்ணி என்று பெயர்.

வெளி இரைச்சலைத் தடுக்கச் சுற்றிலும் ஈயச் சுவர். ஈயத்தையும் ஊடுருவும் காஸ்மிக் துகள்களுக்கு இன்னொரு தந்திரம். காவல் எண்ணிகளைச் சுற்றிலும் நிறுத்திவைப்பார்கள். காவலாளியும் உள்ளே இருப்பவரும் ஒரே நொடியில் கூவினால், வந்தவன் வெளியாள் என்று அந்த எண்ணிக்கையைத் தள்ளிவிடுவார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கருவி இதுதான்.

பொறுமையும் ஒரு கருவியே. சிதைவு தற்செயலாக நிகழ்வதால் எண்ணிக்கையில் எப்போதும் தடுமாற்றம் உண்டு. அதன் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம். நூறு எண்ணினால் பத்து, அதாவது நூற்றுக்குப் பத்துப் பிழை. பத்தாயிரம் எண்ணினால் நூறு, நூற்றுக்கு ஒன்று. நிமிடத்துக்கு 20 வீதம் பத்தாயிரம் எண்ண எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படி எண்ணியும் வயதில் ஏறத்தாழ 80 ஆண்டு முன்பின் இருக்கும். உள்ளபடி எண்ணி எல்லாச் சிதைவையும் பிடிப்பதுமில்லை. ஆகவே ஒரு மாதிரிக்கு ஒன்றிரண்டு நாள் என்பது சாதாரணம். மரம், கரி போன்றவற்றில் இம்முறையை நிலைநாட்டிய வில்லார்டு லிப்பிக்கு 1960-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்த கார்பன் ஆய்வுக்கூடம், பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. இப்போது சிதைவுக்காகக் காத்திராமல், அணுக்களையே முடுக்கியில் செலுத்தி எடைவாரியாகப் பிரித்து எண்ணும் முறையும் வந்துவிட்டது. புதுதில்லி, அகமதாபாத், புவனேசுவரம் ஆகிய இடங்களில் அதற்கான முடுக்கிகள் உள்ளன. அதற்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். கேன் போய்ச் சீசா வந்துவிட்டது.

நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. வில்லியனூருக்கு வடக்கே வழுதாவூர்ப் பக்கம் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய கிரெட்டேஷியஸ் காலப் பாறைகள் உள்ளன. அவற்றில் சுண்ணாம்புக்கல்லும் உண்டு. அதிலுள்ள கார்பன்-14 எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தப் பாறை வழியே செல்லும் நீர் செத்த கார்பனைக் கரைத்துக்கொள்ளும். பாதி கார்பன் பாறையிலிருந்து வந்ததென்றால், போன ஆண்டு பெய்த மழைகூட 5,730 வயதுக் கிழவனாகத் தோன்றும்! இந்த வேடத்தைக் கலைப்பது கார்பன்-13. பயிர்வழி வந்த கார்பனிலும் கல்லின் கார்பனிலும் அதன் பங்கு சிறிது வேறுபடும். நிறமாலைமானியால் அதை அளந்து, எவ்வளவு கலப்பு என்று கண்டு வயதைத் திருத்துகிறார்கள்.

இளம் நீருக்குக் கார்பன் கடிகாரம் மிகப் பெரியது. தாத்தாவின் வயதை நூற்றாண்டுக் கணக்கில் சொல்வதைப் போலாகும். அதற்கு நீரிலேயே உள்ள டிரிட்டியம் இருக்கிறது. ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் கொண்ட ஹைட்ரஜன் அது; அரை ஆயுள் 12.3 ஆண்டு. காஸ்மிக் கதிர்களால் சிறிது உண்டாகும். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள் ஏராளமான டிரிட்டியத்தைக் காற்றில் கொட்டின. 1963-ல் உச்சத்தை எட்டிய அது, அவ்வாண்டு ஏற்பட்ட சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாகத் தணிந்தது. போர்வெறியின் எச்சம் கிணற்றாய்வுக்குப் பயன்பட்டது ஒரு விந்தை. இன்று ஒரு கிணற்று நீரில் டிரிட்டியம் அறவே இல்லையென்றால், அது 1950-களுக்கு முன் பெய்த மழை என்று கொள்ளலாம். இருந்தால், புது மழை அங்கே எட்டுகிறது. இதன் பீட்டாத் துகள் மிகவும் சோம்பேறி. காற்றில் 6 மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. கைகர் குழாயின் சன்னலே அதைத் தடுத்துவிடும். 10,00,00,00,00,00,00,00,000 ஹைட்ரஜனுக்கு ஒரு டிரிட்டியம் என்பதே அளவுக்கான அலகு. ஓர் அலகு உள்ள நீரை 10 மில்லிலிட்டர் எடுத்தால் 14 நிமிடத்துக்கு ஒரு சிதைவு! ஆகவே முதலில் மின்பகுப்பால் நீரைச் சுண்டவைக்கிறார்கள். இலேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாகப் போக, டிரிட்டியம் மிஞ்சிய நீரில் செறிகிறது.

மேலே சொன்ன உப்புக் கேள்விக்கு நம் யூனியன் பிரதேசத்திலேயே இவ்வகை ஆய்வு நடந்தது. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பி. எஸ். சுகீஜா குழுவினர் காரைக்கால், தஞ்சாவூர்க் கடலோர உவர்நீரை ஆராய்ந்து 1996-ல் முடிவுகளை வெளியிட்டனர். நீரிலுள்ள உப்புகளின் விகிதம், முற்கால உயிரினங்கள் விட்டுச்சென்ற கரிமப் பொருள்களின் சுவடு, கார்பன்-14 வயது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பழங்கடலின் உப்பையும் இக்காலத்தில் புகுந்த கடலின் உப்பையும் பிரித்தறியலாம் என்று காட்டினர். ஒரு சாட்சி மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். அளவு மானி எத்தனை நுட்பமானாலும், பாறையைப் பற்றித் தெரியாதவர் கையில் அது பிழையான வயதையே சொல்லும்.

பாகூரின் கடலோரச் சிற்றூர்களில் இத்தகைய மாதிரி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டாரைப் போட்டவுடன் பிடிப்பதில்லை. குழாயில் தேங்கிய பழைய நீர் போகும்வரை ஓடவிடுவார்கள். கடத்துதிறன் மானியின் எண் ஒரே நிலைக்கு வந்தபின்தான் கேன் நிரம்பும். எரிசோடாவும் பேரியம் குளோரைடும் இட்டால் கார்பன் முழுவதும் வெள்ளைப் பொடியாக அடியில் படியும். ஊர், கிணற்றின் ஆழம், சல்லடைக் குழாய் எந்த அடியில் உள்ளது, நாள், நேரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். இவ்வளவு நேரமும் அஞ்ச வேண்டிய எதிரி நாம் சுவாசிக்கும் காற்றே. இருபதாயிரம் ஆண்டு முதிய நீரின் கார்பனில் இன்றைய காற்றின் கார்பன் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலும், நீர் ஏறத்தாழ 800 ஆண்டு இளமையாகிவிடும். அதனால் கேனை விளிம்பு தளும்ப நிரப்பி, ஒரு குமிழிகூட உள்ளே தங்காதபடி மூடியைத் திருகுகிறார்கள்.